விதியும் வினையும்: வீடியோ விளையாட்டுக்களின் கலைத்தகுதி குறித்துச் சில சிந்தனைகள்

புதிய கலைவடிவம் ஒன்று தோன்றும்போது, அதனை வரவேற்போரைக் காட்டிலும் ஐயுறுவோரே தொகையில் மிகுந்திருப்பர் என்பது கலை வரலாறு காட்டும் பொது உண்மையாகும். 1879இல் வேதநாயகம்பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறிய பின்னரும், செய்யுளே இலக்கியம், வசனகதை வெறும் பொழுதுபோக்கு எனக் கொண்ட புலமை மரபு பல பத்தாண்டுகள் நம்மிடையே நிலவிற்று. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ என்னும் நூலை வெளியிட்டு, நாவலைச் சமூக வரலாற்றுடன் இணைத்து நோக்கும் ஆய்வுமுறைக்கு வலுவூட்டினார். கூத்தின் கதையும் இத்தகையதே. கிராமத்து வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட அக்கலையைப் ‘பாமரர் ஆட்டம்’ என ஒதுக்கிய கற்றோர் குழாம், 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றிய பின்னரே அதனைத் திரும்பிப் பார்த்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இன்று பல்கலைக்கழக மாணவரிற் பெரும்பாலோர் தம் ஓய்வுப் பொழுதின் ஒரு பகுதியைச் செலவிடும் வீடியோ விளையாட்டு, தமிழ் விமர்சனத்தின் கண்ணுக்கு இன்னும் புலப்படாத பொருளாகவே இருந்து வருகின்றது. பெற்றோருக்கு அது படிப்பைக் கெடுக்கும் பழக்கம். ஆசிரியருக்கு நேர விரயம். விளையாடுவோருக்கோ பேசத் தேவையற்ற இன்பம். உலகில் வேறிடங்களில் நிலைமை மாறியுள்ளது. 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்நோவ் உருவாக்கிய டெட்ரிஸ் உட்பட 14 விளையாட்டுக்களை, 2012இல் நியூயோர்க் நவீன கலை அரும்பொருளகம் தன் சேகரிப்பிற் சேர்த்துக்கொண்டது. ஆயினும் அரும்பொருளகத்தின் அங்கீகாரம் விமர்சனத்திற்கு ஈடாகாது. எது சிறந்தது, ஏன் சிறந்தது என்னும் வினாக்களுக்கு நாமே நமது அனுபவத்தில் நின்று விடை காண வேண்டும்.

இக்கட்டுரை மூன்று விளையாட்டுக்களை ஆராய எடுத்துக்கொள்கின்றது. அவை எமக்கு மிகவும் பிடித்தமானவை. ஆனால், பிடித்தமானவை யாவும் உயர்ந்த படைப்புகள் ஆகிவிடா. ஆதலின் முதலில் ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்வது அவசியமாகின்றது.

1. அளவுகோல்

வீடியோ விளையாட்டு ஒருபோதும் கலையாகாது என வாதிட்டவர்களுள் முக்கியமானவர் அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஆவார். விளையாட்டில் வெல்லலாம், கலையில் வெல்லுதல் என்பதொன்றில்லை என்பது 2010இல் அவர் முன்வைத்த வாதம். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், கதையின் போக்கைத் தெரிவுசெய்யும் உரிமை விளையாடுபவர் கைக்குச் சென்றால் ஆசிரியனின் ஆளுகை குலைந்துவிடும் எனவும் அவர் கூறியிருந்தார்.

முதல் வாதம் எளிதில் தளர்ந்துவிடுகின்றது. டெட்ரிஸை அதன் வழமையான வடிவில் எவரும் வெல்ல முடியாது. கட்டைகள் விழும் வேகம் கூடிக்கொண்டே செல்ல, எத்தகைய ஆற்றலுடையவரும் ஈற்றில் தோற்றே ஆகவேண்டும். இரண்டாவது வாதமே கனதியானது. அதற்குரிய விடை, விளையாட்டின் ஆசிரியன் எதனை எழுதுகின்றான் என்பதிலே தங்கியுள்ளது. நாவலாசிரியன் நிகழ்ச்சிகளை எழுதுகின்றான். விளையாட்டின் ஆசிரியன் விதிகளை எழுதுகின்றான். எத்தெரிவுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை, எக்கதவு என்றுமே திறவாது என்பனவெல்லாம் அவனது தீர்மானங்கள். தமிழிலே ‘விதி’ என்னும் சொல் ஒழுங்கையும் ஊழையும் ஒருங்கே குறிப்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. ஒருவர் வகுத்த ஒழுங்கு இன்னொருவருக்கு ஊழாக மாறுவதை இனிவரும் விளையாட்டுக்களிற் காண்போம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் விளையாட்டினை உவகை பிறக்கும் நான்கு நிலைக்களங்களுள் ஒன்றாக வைத்தார். அழுகைக்கு அவர் கூறிய நிலைக்களங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. விளையாட்டென்னும் உவகைக் களத்தில் நின்றுகொண்டே அழுகையின் இந்நான்கையும் ஒரு படைப்பு உணர்த்துமாயின், அது பொழுதுபோக்கின் எல்லையைக் கடந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

எனவே அளவுகோலைப் பின்வருமாறு சுருக்கலாம். ஒன்று, விளையாட்டின் பொருள் அதன் விதிகளிலேயே உறைந்திருக்க வேண்டும். இரண்டு, அதனைக் கதைச்சுருக்கமாகச் சொன்னால் அதன் உயிர் போய்விட வேண்டும். மூன்று, விளையாடி முடித்தவர் தாம் பார்த்ததை மட்டுமன்றித் தாம் செய்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வளவுகோலுக்கு முன் சந்தைக்கு வரும் விளையாட்டுக்களுட் பெரும்பாலானவை நில்லா. பெரும் பொருட்செலவில், கண்ணைக் கவரும் காட்சிகளோடு வருவன பலவற்றில் உருக்கமான கதை ஒருபுறமும் ஓயாத துப்பாக்கிச் சூடு மறுபுறமுமாகப் பிரிந்து கிடக்கின்றன. கதை கொலையைக் கண்டித்து அழுகின்றது. விதியோ கொலைக்குப் புள்ளி வழங்குகின்றது. உருவமும் உள்ளடக்கமும் இவ்வாறு முரண்படுமிடத்து அதனைச் சிறந்த கலை எனல் பொருந்தாது.

2. மேசையின் மறுபுறம்

லூக்காஸ் போப் என்பவர் பெரும்பாலும் தனியொருவராக உழைத்து 2013இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ எமது முதலாவது எடுத்துக்காட்டு. ‘பத்திரங்களைக் காட்டுங்கள்’ என்பது அதன் பெயரின் பொருள். 1982ஆம் ஆண்டு. ஆர்ஸ்டொட்ஸ்கா என்னும் கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டுப் பரிசோதகராக நாம் அமர்த்தப்படுகின்றோம். வரிசையில் வருபவர் தம் பத்திரங்களை மேசைமீது வைப்பார். பெயர், பிறந்த திகதி, புகைப்படம், முத்திரை, காலாவதித் திகதி ஆகியவற்றை ஒப்புநோக்கிப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். செயல் இவ்வளவுதான். ஆனால் நாளுக்கு நாள் சட்டம் மாறுகின்றது. இன்று கடவுச்சீட்டு மட்டும் போதும். நாளை அனுமதிப் பத்திரமும் வேண்டும். பின்னர் வேலைப் பத்திரம், அதன்பின் உடலையே படம்பிடித்துக் காட்டும் கருவி. மேசையின் பரப்போ ஒரு சாண் அளவினது. பத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. நேரம் ஓடுகின்றது. பிழையின்றி அனுப்பும் ஆளுக்கு இவ்வளவு என்பதே கூலி; பிழைகள் மிகுந்தால் தண்டம். இரவில் வாடகை, உணவு, வெப்பம் ஆகியவற்றுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். மனைவி, மகன், மாமியார், மாமா என வீட்டிலுள்ளோர் பசியாலும் குளிராலும் நோயுறுகின்றனர்.

இந்நிலையில் ஒருநாள் ஒரு கணவன் வருகின்றான். அவனுடைய பத்திரங்கள் சரியாக உள்ளன. தன் பின்னால் மனைவி வருகின்றாள், அவளிடம் இரக்கம் காட்டுமாறு வேண்டிச் செல்கின்றான். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. திரும்பிச் சென்றால் கொல்லப்படுவேன் என்கின்றாள். சட்டப்படி சிவப்பு முத்திரை. மனிதப்படி பச்சை. விளையாட்டு நமக்கு எவ்வித உபதேசமும் செய்வதில்லை. முத்திரைக் கட்டை கையில் இருக்கின்றது, வரிசை காத்திருக்கின்றது.

இவ்விளையாட்டை உலகின் பல பாகங்களிலுள்ளோர் பனிப்போர்க் காலத்துக் கிழக்கைரோப்பாவின் எள்ளற் சித்திரமாகக் கண்டு பாராட்டினர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழருக்கு அது அத்துணைத் தூரத்து நாடன்று. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் கேள்விகள் நீளும் என்பதை அறிந்த தலைமுறையொன்று இந்நகரில் வாழ்ந்தது. வீட்டிலே தங்க வரும் உறவினருக்குப் பொலிஸ் பதிவு எடுக்க வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர், தக்க காரணமின்றித் தங்கியிருக்கின்றனர் எனக் கூறப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. எமது தலைமுறையினர் சோதனைச் சாவடிகளைக் கண்டதெல்லாம் பெற்றோரின் கையைப் பிடித்தபடி, கீழிருந்து அண்ணாந்து பார்த்த நிலையிலேயாகும்.

அட்டையை நீட்டிய கையின் அனுபவத்தை நம் கவிதையும் சிறுகதையும் பலவாறு பதிவுசெய்துள்ளன. அட்டையை வாங்கிப் பார்த்த கையின் அனுபவம் நமக்கு அந்நியமானது. ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ நம்மை அந்த இருக்கையில் அமர்த்துகின்றது. அரை மணி நேரத்திற்குள் நாம் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிடுகின்றோம். புகைப்படத்துடன் ஒப்பிடுவதற்காக மட்டுமே முகம் தேவைப்படுகின்றது. ஒரு முதியவர் தம் துயரைச் சொல்லத் தொடங்கினால் ‘நேரம் போகின்றதே’ என எரிச்சல் வருகின்றது. அந்த எரிச்சல் கதாபாத்திரத்தினுடையதன்று, நம்முடையது. கொடுமை செய்வதற்குக் கொடியவராக இருக்கவேண்டியதில்லை, வாடகையும் வரிசையும் போதும் என்னும் உண்மையை எந்த நாவலும் இவ்வாறு நம் விரல்களின் வழியே உணர்த்தியதாக யாம் அறியோம்.

இது அதிகாரியை மன்னிக்கும் கலையாகாதா என ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. எனினும் விதிகளை நுணுகி நோக்கின் விடை தெளிவாகும். பச்சை முத்திரை எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. அதற்கு விலை உண்டு. ஆனால் அது தடுக்கப்படவில்லை. ‘மேலிடத்துக் கட்டளை’ என்னும் சமாதானம் எவ்வளவு உண்மையானது, எவ்வளவு பொய்யானது என்பதை இந்த விலைக் கணக்கே காட்டிவிடுகின்றது. காரணத்தை விளங்கிக்கொள்ளுதல் வேறு, குற்றத்தைப் பொறுத்தல் வேறு. அன்றியும், மேசையின் எப்புறத்தில் எவர் நிற்பர் என்பது நிரந்தரமானதன்று. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களிற் குண்டுகள் வெடித்தபின், சந்தேகப் பார்வை முஸ்லிம் மக்கள்மீது திரும்பியதை இந்நகர் கண்டது. நேற்று அட்டையை நீட்டியவர்களுட் சிலர் அன்று பரிசோதகரின் கண்கொண்டு அயலவரைப் பார்த்தனர். இவ்விளையாட்டு நமக்குத் தேவைப்படுவதற்கு இதனினும் வலுவான காரணம் வேண்டியதில்லை.

குறைகளும் உள. இரகசிய இயக்கமொன்று பரிசோதகரைத் தன்பால் இழுக்க முயலும் துணைக்கதை, திகிற் படத்தின் சாயலைக் கொண்டு, அன்றாடச் சலிப்பிற் பிறக்கும் பயங்கரத்தின் கூர்மையைச் சற்று மழுக்குகின்றது.

3. நிலையான வீடும் நிலையற்ற மக்களும்

போலந்தின் வார்சோ நகரிலுள்ள 11 பிட் ஸ்ரூடியோஸ் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ இரண்டாவது எடுத்துக்காட்டு. போர் விளையாட்டு என்றதும் துப்பாக்கி ஏந்திய வீரனே நம் நினைவுக்கு வருவான். இங்கோ நாம் பொறுப்பேற்பது முற்றுகைக்குள் அகப்பட்ட குடிமக்கள் சிலரை. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையின் அனுபவங்கள் இதற்கு ஆதாரம். பகலில் சன்னக்காரர்களுக்கு அஞ்சி இடிந்த வீட்டுக்குள்ளேயே இருத்தல். இரவில் ஒருவர் மட்டும் வெளியேறி உணவும் மருந்தும் தேடுதல். போர் எப்போது முடியும் என்பது எவருக்கும் தெரியாது.

இவ்விளையாட்டில் ஒரு வீடு உண்டு. அதில் முதிய தம்பதியர் வாழ்கின்றனர். அவர்களிடம் உணவும் மருந்தும் இருக்கின்றன. எதிர்க்கும் வலு இல்லை. அவர்களிடமிருந்து எடுத்தால் எம்மவர் பிழைப்பர். எடுத்துக்கொண்டு திரும்பினால், வயிறு நிறைந்தவர்களின் மனம் உடைகின்றது. சோர்ந்து அமர்ந்தவர் எழுந்து வேலை செய்ய மறுக்கின்றார். தொல்காப்பியர் சொன்ன இழவும் வறுமையும் இங்கு விதிகளாகவே அமைந்துவிட்டன. 2020இல் போலந்து அரசு இதனை உயர்வகுப்பு மாணவருக்குரிய பரிந்துரை வாசிப்புப் பட்டியலிற் சேர்ப்பதாக அறிவித்தது இங்குக் குறிப்பிடத்தக்கது.

இதனையும் கண்ணை மூடிக்கொண்டு போற்றுதல் விமர்சனமாகாது. யார் யாரை முற்றுகையிட்டனர், எதன்பொருட்டு என்பன கூறப்படவில்லை. பெயரற்ற போர் எல்லோருக்கும் பொதுவாகின்றது என்பது உண்மையே. ஆனால் காரணமற்ற போர் இயற்கை அனர்த்தம்போலவும் ஆகிவிடுகின்றது. மேலும், பலமுறை விளையாடியவர்க்கு மனச்சாட்சி வெறும் கணக்காகிவிடும் அபாயமும் உண்டு.

இவற்றினும் ஆழமான வேறுபாடொன்றை ஈழத்து வாசகரே காணமுடியும். இவ்விளையாட்டின் அடிப்படை விதி ஒரு நிலையான வீடு. அடுப்பைக் கட்டலாம், ஓட்டையை அடைக்கலாம், கட்டிலைச் செய்யலாம். சேர்த்த பொருள் அங்கேயே இருக்கும். நமது போரின் அடிப்படை அனுபவமோ இடப்பெயர்வு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். 2009இன் முற்பகுதியில் வன்னி மக்கள் இடத்துக்கு இடம் பதுங்குகுழி வெட்டி, ஒவ்வொரு முறையும் சிலவற்றைக் கைவிட்டு, முள்ளிவாய்க்கால் வரை ஒடுங்கினர். சேர்த்தலின் விதியால் இவ்வனுபவத்தைச் சொல்ல இயலாது. எதனைச் சுமப்பது, எதனைப் புதைத்துவைப்பது, யாரை விட்டுச் செல்வது என்னும் இழத்தலின் விதியே அதற்கு வேண்டும். அத்தகைய விளையாட்டை எம்மவரே உருவாக்குதல் வேண்டும்.

4. கிழிந்த ஏட்டை நிரப்புதல்

மூன்றாவதாக எடுத்துக்கொள்வது தமிழ் வாழ்க்கையையே பொருளாகக் கொண்டது. ரொரன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழு, அபி என்பவரின் தலைமையில் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசையும், பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் அறிமுகப் படைப்புக்கான விருதையும் பெற்றது. யாப்பின் பெயரைத் தாங்கிய வெண்பா என்னும் பெண்ணும் அவள் கணவன் பாவலனும் தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற் குடியேறியவர்கள். கதை 1988இல் தொடங்கி, மகன் கவின் வளர்ந்து, மொழியாலும் மனத்தாலும் தாயிடமிருந்து விலகி, மீண்டும் அவளை நாடும் வரை செல்கின்றது.

இதன் செயல் சமையல். தாயின் சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கின்றது. இட்லித் தட்டுக்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது, புட்டுக் குழலில் முதலில் எதனை இடுவது என்பவற்றை அழிந்த எழுத்துக்களுக்கிடையே நாமே ஊகித்து நிரப்ப வேண்டும். பழைய தமிழ்த் திரையிசையின் சாயலில் இவ்விளையாட்டுக்கெனவே அமைக்கப்பட்ட பாடல்கள் அடுக்களை வானொலியில் ஒலிக்கின்றன. பிற்பகுதியில் அக்குறிப்பேட்டைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் பொறுப்பு மகனுக்கு வருகின்றது. மரபு என்பது முழுமையாகக் கையளிக்கப்படும் சொத்தன்று, சிதைந்த ஏட்டை உழைத்து நிரப்பும் வேலை என்னும் கருத்து விளக்கமாகக் கூறப்படாமலே விதியாகிவிடுகின்றது. இதுவே இப்படைப்பின் வெற்றி. நீற்றுப்பெட்டியில் புட்டவித்த பேர்த்திமார் இன்று குழலில் அவிக்கின்றனர். நாளை எதில் அவிப்பர் என்பதை எவர் அறிவார்?

எனினும் ‘வெண்பா’வை முன்னைய இரண்டுடனும் ஒரே தட்டில் வைக்கத் தயங்குகின்றோம். பிழையாகச் சமைத்தால் மீண்டும் தொடங்கலாம்; எப்பிழைக்கும் நிலையான விலை இல்லை. தாய்க்கும் மகனுக்கும் இடையிலான பிளவு கதையில் ஆழமாக உள்ளது. விதியிலோ மென்மையாகவே உள்ளது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இதன் சுருக்கம் சிறுகதைக்குரிய செறிவைத் தருகின்றது என்பதும் உண்மை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெண்பா நல்வாழ்வு நாடிக் கனடா சென்றவள். அவள் கதை தொடங்குவதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1986 ஆகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த ஈழத்தமிழர் மீனவர்களால் மீட்கப்பட்டனர். அதே ரொரன்ரோவில் அவர்கள் மூட்டிய அடுப்புகளின் கதை வேறு. அதனைச் சொல்லாமை ‘வெண்பா’வின் குற்றமாகாது. அது நம்முடைய கடன்.

5. முடிவுரை

இம்மூன்றையும் ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. இவற்றுள் எதுவும் பெருமூலதனத்தின் விளைவன்று. ஒன்று ஏறத்தாழத் தனியொருவரின் உழைப்பு. மற்றொன்று சிறு குழுவினது. இன்னொன்று ஹொலிவூட்டுக்கு வெகு தொலைவிலுள்ள நகரொன்றிற் பிறந்தது. ஆகவே பணமில்லை என்னும் காரணம் நமக்கு முழுமையாகப் பொருந்தாது. மொறட்டுவையிலும் கொழும்பிலும் கணினி பயிலும் தமிழ் மாணவர் பலர் உளர். கதை சொல்லவும் வரலாறு ஆராயவும் பயின்றோர் கலைப்பீடத்தில் உளர். இவ்விரு சாராரும் ஒரே சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்தும் ஒருவரோடொருவர் இவைபற்றிப் பேசுவதில்லை.

அப்பேச்சைத் தொடக்கிவைக்கும் பொறுப்பு விமர்சனத்துக்கு உண்டு. நல்ல வாசகரின்றி நல்ல நாவல் நிலைக்காததுபோல், விதிகளை வாசிக்கத் தெரிந்த விமர்சகரின்றி இக்கலையும் நம்மிடையே வேரூன்றாது. அதுவரை நம் இளைஞர் பிறர் போர்களைப் பிறர் விதிகளின்படி விளையாடிக்கொண்டிருப்பர். 1995இன் அந்த இரவில் கைதடிப் பாலத்தை நோக்கி நடந்தவர்களின் தோளில் என்ன இருந்தது, வீட்டில் என்ன எஞ்சியது என்பதை அறிந்தோர் இன்னும் நம் வீடுகளில் உள்ளனர். அவர்களிடம் கேட்டு, அந்த விதிகளை எழுதத் தொடங்குவதற்கு இதுவே தக்க தருணமாகும்.